யாருடைய பிறந்தநாள் நமக்குத் தெரியும்?

ஜனவரி 17 வந்தால் சத்தியமங்கலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் ஒலிபெருக்கி கட்டிவிடுவார்கள். எம்.ஜி.ஆர். பிறந்தநாள். நாள் முழுக்க டி.எம்.எஸ். குரல். அந்தக் குரல் எம்.ஜி.ஆரோடு ஒட்டிக்கொண்டதில் நம் கொங்கு மண்ணுக்கும் பங்கு உண்டு. கோவை பட்சிராஜா ஸ்டுடியோவின் ‘மலைக்கள்ளன்’ 1954 ஜூலை 22 அன்று வெளியானது. இயக்கம் எஸ்.எம்.ஸ்ரீராமுலு நாயுடு, இசை எஸ்.எம்.சுப்பையா நாயுடு. எம்.ஜி.ஆருக்கு டி.எம்.எஸ். என்பது நிலைபெற்றது அந்தப் படத்தில்தான். இந்தக் கொண்டாட்டத்தோடு நமக்கு வழக்கு எதுவும் இல்லை.

ஆனால் அதே ஜனவரி 17-க்கு வேறு இரண்டு பெயர்களும் இருக்கின்றன. 2016-இல் அந்த நாளில்தான் ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவை இழந்தோம். அதே நாளில் புதுச்சேரியில் கே.ஏ.குணசேகரன் மறைந்தார். ரோகித்தின் நினைவுநாளை மாணவர் அமைப்புகள் கடைப்பிடிக்கின்றன. கே.ஏ.ஜி.யை எத்தனை பேர் நினைக்கிறோம்?

1955 மே 12-இல் சிவகங்கைச் சீமையின் மாரந்தையில் பிறந்தவர் கே.ஏ.ஜி. நாட்டுப்புறப் பாடல்களை மேடைக்குக் கொண்டுவந்து ‘தன்னானே’ குழுவோடு ஊர் ஊராகப் பாடியவர். பேராசிரியர், நாடகக்காரர், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தவர். ‘வடு’ என்ற தன்வரலாற்றில் பள்ளிப் பருவத்து சாதி அவமானங்களை மறைக்காமல் எழுதினார். இன்குலாபின் ‘மனுசங்கடா’ பாடல் தமிழ்நாடெங்கும் போராட்டப் பந்தல்களுக்குப் போய்ச் சேர்ந்தது இவருடைய குரலில்தான். அந்த ஆண்டு டிசம்பர் 1 அன்று இன்குலாபும் போய்விட்டார். எழுதியவரையும் பாடியவரையும் ஒரே ஆண்டில் இழந்தோம். இன்றும் கூட்டங்களில் அந்தப் பாட்டைப் பாடுகிறோம். பல சமயம் இரண்டு பெயரையும் சொல்வதில்லை.

அடுத்து ஜூன் மாதம். இளையராஜா 1943 ஜூன் 3-இல் பிறந்தவர். அவருக்கு ‘இசைஞானி’ என்று பட்டம் கொடுத்த கலைஞருக்கும் ஜூன் 3-தான் பிறந்தநாள். அந்த நாள் கலைஞருக்கே இருக்கட்டும் என்று ராஜா தன் கொண்டாட்டத்தை ஜூன் 2-க்கு மாற்றிக்கொண்டார். பண்ணைப்புரத்துப் பையன் ஒருவர் தேதியை மாற்றினால் உலகத் தமிழர்கள் எல்லோரும் கூடவே மாற்றிக்கொள்கிறார்கள் என்றால், அந்த உயரம் எளிதில் வந்ததல்ல.

திரை வரலாறு எழுதுகிறவர்கள் அவரை 1976 மே 14-இல், ‘அன்னக்கிளி’ வெளியான நாளில் தொடங்குவார்கள். அதற்கு முன்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடிக்கொண்டிருந்தார். தம்பிகள் அவரோடு ஊர் ஊராகப் போனார்கள். ‘அன்னக்கிளி’யில் கேட்ட கிராமத்து மெட்டுக்குப் பின்னால் அந்த மேடைகள் இருக்கின்றன, வயல்வேலையில் பாடிய பெண்கள் இருக்கிறார்கள். படத்தில் வந்ததற்கு ‘இசை: இளையராஜா’ என்று பெயர் கிடைத்தது. வயலில் பாடியதற்கு ‘நாட்டுப்புறப் பாடல்’ என்ற பொதுப்பெயர்தான். ஒருவருடைய படைப்பை ‘மக்களுடையது’ என்று சொல்வது பெருமை போலத் தெரியும். ஆனால் கூலியும் உரிமையும் மரியாதையும் பெயர் உள்ளவருக்குத்தானே போகின்றன?

நம் ஊருக்கு வருவோம். கொங்குக் கிராமங்களில் நோம்பி என்றாலும் இழவு என்றாலும் தப்பட்டை வேண்டும். அடிக்கிறவர்களில் பெரும்பாலோர் அருந்ததியர்கள். அவர்களை ஊர் எப்படிக் கூப்பிடுகிறது? பெயர் சொல்லியா? சாதி சொல்லித்தான். ஐம்பது வருடம் அடித்த பெரியவருக்குப் பிறந்த தேதி தெரியாது. அட்டையில் இருப்பது பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி, அல்லது யாரோ குத்துமதிப்பாக எழுதியது. அவர் காதுக்கு எட்டிய தாளங்களை எந்தப் புத்தகமும் குறிக்கவில்லை.

இதில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். பறைக்கு இரண்டு போராட்ட வரலாறு உண்டு. ஒன்று, அடிக்க மறுத்தது. 1924 ஜூன் 26-இல் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் பிறந்த எல்.இளையபெருமாள், சாதிக் கடமையாகப் பறையடிக்கும் இழிவுக்கு எதிராக மக்களைத் திரட்டியவர். இன்னொன்று, மேடையில் நிமிர்ந்து நின்று அடித்தது. 1990-களில் தலித் எழுச்சியோடு கலைக்குழுக்கள் பறையைக் கையில் எடுத்தன. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் பெண்கள் அடித்தார்கள். இரண்டும் முரண் என்று சிலர் சொல்வார்கள். முரண் இல்லை. யாருக்கு, எப்போது, எதற்காக அடிப்பது என்பதை அடிக்கிறவரே தீர்மானிக்க வேண்டும். இரண்டு போராட்டமும் கேட்டது அதைத்தான். 2025-இல் மதுரையைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சி. இழவுக்கு அடிக்க மாட்டேன் என்று சொல்கிற இளைஞனின் பாதுகாப்பையும் அதே அரசு உறுதிசெய்யட்டும்.

ஜூலை 22 என்று முதலில் ஒரு தேதி சொன்னேன். 2022-இல் அதே ஜூலை 22 அன்று தேசியத் திரைப்பட விருதுகளை அறிவித்தார்கள். சிறந்த பின்னணிப் பாடகி நஞ்சம்மா. ஆனைகட்டி தாண்டினால் வரும் அட்டப்பாடியில் வாழும் இருளர் பெண். ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்தில் தன் மொழியில் தானே கட்டிய பாட்டைப் பாடினார். முறையாகச் சங்கீதம் கற்றவருக்குத்தான் விருது போயிருக்க வேண்டும் என்று இசைத்துறைக்குள்ளிருந்தே எதிர்ப்பு வந்தது. ‘முறை’ என்பது யாருடைய வீட்டுக் கூடத்தில் கற்பிக்கப்பட்டது, அந்தக் கூடத்துக்குள் யாரெல்லாம் நுழைய முடிந்தது என்று அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. பல இசைக்கலைஞர்கள் நஞ்சம்மாவின் பக்கம் நின்றார்கள் என்பதையும் சேர்த்தே பதிவுசெய்ய வேண்டும்.

எனவே தோழர்களே, மாணவர்களே, இந்த விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். சத்தி, பவானிசாகர், தாளவாடிப் பக்கம் உங்கள் ஊரில் அடிக்கிற, ஊதுகிற, பாடுகிற பெரியவர்களிடம் உட்காருங்கள். பெயர், ஊர், யாரிடம் கற்றார், எந்த அடிக்கு என்ன பெயர், எந்த வருடம் எதற்கு அடிக்க மறுத்தார் என்று எழுதுங்கள். பிறந்த வருடம் தெரியாது என்பார்கள். “பவானிசாகர் அணை கட்டும்போது உங்களுக்கு எத்தனை வயசுங்க?” என்று கேளுங்கள். அணை வேலை 1948-இல் தொடங்கி 1955-இல் முடிந்தது. அதை வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம். பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேளுங்கள். ஒரு நாள் கூலியை இழந்து பேசுகிறார் என்றால் அந்தக் கூலியைக் கொடுங்கள். வெளியிடும்போது ‘நாட்டுப்புறக் கலைஞர்’ என்று போடாதீர்கள். அவர் விரும்பினால் பெயரைப் போடுங்கள்.