மெமோகிராமும் எங்கள் ஊர்க் கிளினிக்கும்



ஒக்டோபர் பிறந்தால் பேஸ்புக் முழுக்க இளஞ்சிவப்பு ரிப்பன்தான். "நாற்பது தாண்டிய எல்லாப் பெண்களும் மெமோகிராம் எடுங்கள்" என்ற வெளிநாட்டுப் பதிவுகளை நம்மவர்களும் ஷெயார் பண்ணுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் முந்தல், புளிச்சாக்குளம், மதுரங்குளிப் பக்கத்து உம்மாமார் அதைப் பார்த்துவிட்டு, "அது கொழும்பில் காசுக்காரர் செய்கிற வேலை" என்று போனை வைத்துவிடுகிறார்கள். நாங்கள் வரலாறு படிப்பிக்கிற ஆட்கள். எதையும் யார், எப்போது, எதற்காகச் செய்தார்கள் என்று கேட்காமல் விட முடிவதில்லை. தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்பகப் புற்றுநோய் இந்தக் காலத்து நோய் அல்ல. ஆயிரம் வருடங்களுக்கு முன் ஸ்பெயினின் குர்துபாவில் வாழ்ந்த சத்திரசிகிச்சை மேதை அஸ்-ஸஹ்ராவி, 30 பாகங்கள் கொண்ட தன் 'அத்-தஸ்ரீஃப்' நூலில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். கட்டி சிறிதாக இருந்தால் முழுதாக வெட்டி எடுக்கலாம், முற்றிப் பெரிதாகிவிட்டால் கிட்டப் போகக்கூடாது என்கிறார். முற்றிய கட்டியைத் தான் சுகப்படுத்தியதும் இல்லை, சுகப்படுத்திய எவரையும் கண்டதும் இல்லை என்று ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார். கட்டியைச் சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் அன்று முதல் கேள்வி.

1895இல் ரொண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். 1913இல் பெர்லினில் அல்பேர்ட் சலமோன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், வெட்டி எடுக்கப்பட்ட சுமார் 3,000 மார்பகங்களை எக்ஸ்ரே பிடித்துப் பார்த்தார். புற்றுநோய் உள்ள இடத்தில் நுண்ணிய புள்ளிகள் தெரிந்தன. உப்பளம் பார்த்த புத்தளத்துக்காரருக்கு உப்புத் துகள் சிதறிக் கிடப்பதுபோல என்றால் புரியும். அவை கல்சியப் படிவுகள். மெமோகிராம் படத்தில் இன்றைக்கும் டாக்டர்மார் தேடுவது அவற்றையும்தான்.

சலமோன் ஒரு யூதர். நாஜிகள் வந்ததும் அவருடைய பதவி போனது. 1938இல் சக்சன்ஹவுசன் முகாமில் அடைக்கப்பட்டார். பிறகு நெதர்லாந்தில் ஒளிந்திருந்து உயிர் தப்பினார். அவருடைய ஒரே மகள் சார்லட் ஓர் ஓவியர். 1943இல், 26 வயதில், வயிற்றில் பிள்ளையோடு அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். உலகமெங்கும் இலட்சக்கணக்கான தாய்மாருக்குப் பயன்பட்ட ஒரு வேலையைத் தொடங்கி வைத்த மனிதருக்கு நடந்தது இது. பாடப்புத்தகங்களில் இந்த மனிதரின் பெயர் வருவதில்லை என்பது எங்களுக்கு ஒரு மனக்குறை.

1949இல் உருகுவே நாட்டு டாக்டர் ராவுல் லெபோர்ன் மார்பகத்தை அழுத்திப் பிடித்துப் படம் எடுத்தால் தெளிவாகத் தெரியும் என்று காட்டினார். இன்றைக்கும் மெமோகிராம் எடுக்கையில் பெண்கள் முறைப்படுகிற அந்த அழுத்தம் அங்கிருந்து வந்தது. 1960இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ரொபேர்ட் ஈகன் எந்த வைத்தியசாலையிலும் எடுக்கக்கூடிய ஒரு முறையாக அதைச் சீர்படுத்தினார்.

படம் எடுக்கலாம், சரி. உயிர் தப்புமா? அதைச் சோதிக்க 1963இல் நியூயோர்க்கில் 40 முதல் 64 வயது வரையான சுமார் 62,000 பெண்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு வருடத்துக்கொரு முறை மெமோகிராமும் கையால் செய்யும் பரிசோதனையும் நடந்தன. பத்து வருடங்கள் போனபோது அந்தப் பிரிவில் இந்த நோயால் இறந்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. இதைச் சொல்கிற பலர் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். அங்கே பரிசோதனையில் அகப்பட்ட நோய்களில் பெரும் பங்கு கைக்கும் அகப்பட்டதுதான். அந்தக் காலத்துப் படங்கள் அவ்வளவு தெளிவில்லை.

1977இல் சுவீடனில் தொடங்கிய ஆய்வு மெமோகிராமை மட்டும் வைத்து நடந்தது. 1985இல் வந்த முடிவு, மரணம் 31 சதவீதம் குறைவு என்றது. அதையெல்லாம் பார்த்து பிரித்தானியா 1988இல் 50 முதல் 64 வயதுப் பெண்களை மூன்று வருடத்துக்கொரு முறை அழைக்கத் தொடங்கியது. பணக்கார நாடுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின.

1980இல் தொடங்கிய கனடா ஆய்வு மட்டும் வேறு மாதிரிச் சொன்னது. 50 முதல் 59 வயதுப் பெண்களில் ஒரு பிரிவுக்கு மெமோகிராமும் கைப் பரிசோதனையும், மற்றப் பிரிவுக்குக் கைப் பரிசோதனை மட்டும். இரண்டு பிரிவிலும் மரணத்தில் வித்தியாசம் தெரியவில்லை. அந்த ஆய்வு நடத்தப்பட்ட முறை பற்றி இன்றுவரை டாக்டர்மார் சண்டை பிடிக்கிறார்கள், அதை அவர்களிடமே விடுவோம். ஆனால் ஆயிரக்கணக்கான மெஷின்களும் படம் வாசிக்கிற நிபுணர்களும் இல்லாத நாடுகளுக்கு அதில் ஒரு கேள்வி இருந்தது. பழகிய ஒரு கை எவ்வளவு தூரம் போகும்?

பதில் பக்கத்திலேயே, மும்பையில் கிடைத்தது. டாடா நினைவு வைத்தியசாலையின் டாக்டர் இந்திரநீல் மித்ராவின் குழு 1998இல் 35 முதல் 64 வயதுக்குள் 151,538 பெண்களைச் சேர்த்தது. பரிசோதித்தவர்கள் டாக்டர்கள் அல்ல, பயிற்சி கொடுக்கப்பட்ட பெண் சுகாதாரப் பணியாளர்கள். இரண்டு வருடத்துக்கொரு முறையாக நான்கு சுற்றுப் பரிசோதனை, மெஷின் இல்லாமல். இருபது வருடம் பொறுத்திருந்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் மரணம் 15 சதவீதம் குறைந்திருந்தது, ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்கிற அளவுதான். 50 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களைத் தனியாகப் பார்த்தால் ஏறத்தாழ 30 சதவீதக் குறைவு. ஐம்பதுக்குக் கீழே பயன் காணப்படவில்லை.

இந்த ஐம்பது என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டு நம் நாட்டுக்கு வருவோம்.

பெண்கள் கிராமத்திலிருந்தே சுகாதார சேவையைப் பெறும் ஏற்பாடு இலங்கையில் பழையது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. இன்று நாடு முழுக்க உள்ள எம்.ஓ.எச். அலுவலகங்களும், வீட்டு வாசலுக்கு வருகிற மிட்வைஃப் மிஸ்மாரும் அந்த வழியில் வந்தவர்கள்தான். 1994இல் கெய்ரோவில் நடந்த சனத்தொகை மாநாட்டுக்குப் பிறகு, பிள்ளை பெறும் காலத்தோடு பெண்ணின் சுகம் முடிவதில்லை என்ற பேச்சு எழுந்தது. 1996இல் சுகவனிதையர் கிளினிக் தொடங்கியது. சிங்களத்தில் சுவநாரி என்பார்கள். பிரஷர், சீனி, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனை, மார்பகப் பரிசோதனை எல்லாம் இலவசம். எல்லோருக்கும் மெமோகிராம் என்ற திட்டம் நம் நாட்டில் இல்லை. கட்டியோ சந்தேகமோ இருந்தால்தான் படத்துக்கு அனுப்புவார்கள்.

மெஷின் இல்லாததைவிட வயதுதான் எங்களுக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. இந்தக் கிளினிக் தேடித் தேடி அழைத்தது 35 வயதுப் பெண்களை. பிறகு 45 வயதையும் சேர்த்தார்கள். கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கு அந்தக் கணக்கு பொருந்தும். ஆனால் மும்பையில் பயன் தெரிந்த ஐம்பது கடந்தவர்களின் வீட்டுக்கு மிட்வைஃப் மிஸ் வருவதே குறைவு. வந்தாலும் மருமகளையும் பேரப்பிள்ளையையும் பார்த்துவிட்டுப் போகிறார். திண்ணையில் வெற்றிலை இடிக்கிற உம்மும்மாவை யாரும் கேட்பதில்லை. உம்மும்மாவும், "எனக்கென்ன, பிள்ளை பெறுகிற வயதா?" என்கிறார். 35 தாண்டிய எவரும் அங்கே போகலாம் என்பது பலருக்குத் தெரியாது.

நம் வீடுகளுக்குள் இன்னொரு விஷயமும் உண்டு. கட்டி இருப்பது தெரிந்தும் இத்தா முடியட்டும் என்று நாலு மாதம் பத்து நாள் காத்திருக்கிற விதவைகள் இருக்கிறார்கள். அறிகுறியோடு வந்த பெண்ணுக்கு 60 நாளுக்குள் நோயை உறுதி செய்துவிட வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு 2021இல் தொடங்கிய திட்டம். இத்தாக் காலம் அதைவிட இரண்டு மடங்கு. வைத்தியத் தேவைக்கு இத்தாவில் இருப்பவர் வெளியே போகலாம் என்பதை ஜும்ஆ பயானில் ஒரு தரம் சொன்னால், அதைக் கேட்ட ஆண்கள் வீட்டில் போய்ச் சொல்வார்கள்.

கொழும்புக்கு அனுப்பினால் பயப்பட வேண்டாம். நாரஹேன்பிட்டியில் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் அரசாங்க நிலையம் இருக்கிறது, அங்கே காசு இல்லை. முந்தலிலிருந்து சுமார் நூறு கிலோமீற்றர், கூட ஒருவர் போய் வர வேண்டும், அவ்வளவுதான். மார்பில் கண்ட எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல, பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகள். அப்படி என்று தெரிந்துகொண்டு வருவதற்கும் போகத்தான் வேண்டும்.

உங்கள் பகுதியில் சுகவனிதையர் கிளினிக் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, பார்ப்பவர் பெண்ணா என்று தெரிந்த சகோதரிகள் கீழே எழுதுங்கள். ஊர் வாரியாகச் சேர்த்து ஒரு பட்டியலாகப் போடுகிறோம், பள்ளிவாசல் பலகையிலும் ஒட்டலாம்.