பிரகாசமான விண்மீன்களை ஆராயும் பல்கலைக்கழகச் செயற்கைக்கோள்: ‘பிரைட்-ஆஸ்திரியா’

ஆஸ்திரியாவின் முதல் செயற்கைக்கோள்களான பிரைட்-ஆஸ்திரியா, யூனிபிரைட் ஆகிய இரண்டும் 2013 பிப்ரவரி 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி20 ராக்கெட் மூலம் விண்ணில் செலுத்தப்பட்டன. இந்திய-பிரெஞ்சு கூட்டுத் திட்டமான சரள் செயற்கைக்கோளுடன் பயணித்த 6 வெளிநாட்டுச் செயற்கைக்கோள்களில் இவையும் அடங்கும்.

பிரைட்-ஆஸ்திரியா செயற்கைக்கோளை கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கியது. வியன்னா பல்கலைக்கழகத்துக்கான யூனிபிரைட், கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் கட்டமைக்கப்பட்டது. பின்னர் போலந்தும் கனடாவும் தலா இரு செயற்கைக்கோள்களை இத்திட்டத்துக்காக அனுப்பின.

நோக்கம்

வெறும் கண்ணுக்குத் தெரியும் பிரகாசமான விண்மீன்களின் ஒளி, பெரிய தொலைநோக்கிகளின் உணர்கருவிகளுக்கு அளவுக்கு மிஞ்சியதாகும். தரையிலிருந்து நோக்கினால் வளிமண்டலமும் பகல்பொழுதும் தடையாகின்றன. எனவே, சிறிய தொலைநோக்கியைப் பூமியின் தாழ்வட்டப் பாதையில் நிறுத்தி, மாதக்கணக்கில் அவற்றைக் கண்காணிப்பதே இத்திட்டத்தின் நோக்கம்.

நிலநடுக்க அலைகள் பூமியின் உட்பகுதியைக் காட்டுவதுபோல, விண்மீனின் ஒளியில் ஏற்படும் நுண்ணிய ஏற்ற இறக்கங்கள் அதன் உள்ளமைப்பை உணர்த்துகின்றன.

அமைப்பு

ஒவ்வொரு செயற்கைக்கோளும் 20 செ.மீ. பக்க அளவுள்ள கனசதுரம். எடை சுமார் 7 கிலோ. தொலைநோக்கியின் துளை விட்டம் 3 செ.மீ. மட்டுமே. அதன் பார்வைப் பரப்பு 24 பாகை என்பதால் பல விண்மீன்களை ஒரே நேரத்தில் அளவிட முடியும். பிரைட்-ஆஸ்திரியாவில் நீல வடிகட்டியும், யூனிபிரைட்டில் சிவப்பு வடிகட்டியும் பொருத்தப்பட்டன. இரு நிறங்களிலும் ஏற்படும் மாற்றங்களை ஒப்பிட்டு, விண்மீன் எவ்வகையில் அதிர்கிறது என்பதை அறியலாம்.

சவால்கள்

2014-இல் ஏவப்பட்ட கனடாவின் பிரைட்-மாண்ட்ரியல், ராக்கெட்டிலிருந்து பிரியாததால் பயனற்றுப் போனது. இயங்கியவற்றிலோ, விண்வெளிக் கதிர்வீச்சால் உணர்கருவியின் படப்புள்ளிகள் சேதமடைந்து, அளவீடுகளில் பிழை பெருகியது. செயற்கைக்கோளின் திசையைச் சற்றே மாற்றி மாற்றி, விண்மீனின் உருவத்தை அடுத்தடுத்த படங்களில் வெவ்வேறு இடங்களில் விழச் செய்து, ஒரு படத்திலிருந்து மற்றொன்றைக் கழிக்கும் முறை வகுக்கப்பட்டது. இதனால் புள்ளிகளின் பிழை நீங்கி, விண்மீனின் ஒளி மட்டும் எஞ்சியது. 2 ஆண்டுகள் இயங்கும் வகையில் வடிவமைக்கப்பட்ட பிரைட்-ஆஸ்திரியா, அக்காலத்தைக் கடந்தும் செயல்பட்டது.

கண்டுபிடிப்புகள்

ஓரியன் தொகுப்பிலுள்ள அயோட்டா ஓரியானிஸ், ஒன்றையொன்று சுமார் 29 நாள்களில் சுற்றிவரும் இரு பெருநிறை விண்மீன்களைக் கொண்டது. அவை மிக நெருங்கும்போது ஒளி சிறிதளவு மாறுவதும், ஈர்ப்பு விசையால் அதிர்வுகள் தூண்டப்படுவதும் 2017-இல் வெளியான ஆய்வில் உறுதியாயின.

2018 மார்ச்சில், பிரைட் செயற்கைக்கோள்கள் கண்காணித்துக்கொண்டிருந்த பகுதியிலேயே கரினா தொகுப்பில் ஒரு நோவா வெடித்தது. அதன் ஒளியும், ஃபெர்மி விண்கலம் பதிவுசெய்த காமா கதிர்களும் ஒரே வேளையில் உயர்ந்து தாழ்ந்தன. நோவாவின் ஒளியில் பெரும்பங்கு அதிர்ச்சி அலைகளிலிருந்து வரக்கூடும் என்பதை அந்த ஒப்பீடு புலப்படுத்தியது.