இடது ஓரக் காவலன்: 1978 விதித் திருத்தமும் லூயிஸின் வாசிப்பும்

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறியும் வீரரான குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முறை எப்போது, யாரால் மாறியது? மைக்கேல் லூயிஸ் 2006இல் எழுதிய ‘தி பிளைண்ட் சைடு’ நூலின் விடையே இன்று பரவலாக ஏற்கப்படுகிறது. நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு 1981இல் வந்த லாரன்ஸ் டெய்லர், வலக்கையால் எறிபவரின் கண்ணுக்குப் படாத இடப்பக்கமாகப் பாய்ந்தார். அவரைத் தடுக்கவே இடது ஓரத் தடுப்பு வீரரான லெஃப்ட் டேக்கிளின் மதிப்பு உயர்ந்தது என்கிறார் லூயிஸ். பயிற்சியாளர் பில் வால்ஷின் எறிதல் முறையும் அவர் கதையில் பெரும்பங்கு பெறுகிறது. இந்த வரிசையில் காரணமும் விளைவும் இடம் மாறி நிற்கின்றன என்பது என் வாதம்.

நூலின் தொடக்கமே வாஷிங்டன் அணியின் குவார்ட்டர்பேக் ஜோ தீஸ்மனின் கால் முறிந்த காட்சிதான். 1985 நவம்பர் 18, திங்கள் இரவு. அந்த ஆட்ட நகர்வைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். தீஸ்மன் பந்தைத் தன் அணியின் ஜான் ரிகின்ஸிடம் கொடுக்கிறார். ரிகின்ஸ் முன்னோக்கி ஓடுவதுபோல் போய், திரும்பி, பந்தை அவருக்கே தூக்கிப் போடுகிறார். ஜயன்ட்ஸின் ஹாரி கார்சன் எதிரே வர, தீஸ்மன் முன்னே நகர்கிறார். அந்த நொடியில் டெய்லர் மேலே விழுகிறார். பந்து கைமாறித் திரும்பும்வரை எறிபவர் காத்திருக்க வேண்டிய தந்திர ஆட்டம் இது. வழக்கமான எறிதல் காவலின் பலவீனத்துக்கு இதைச் சான்றாக நிறுத்துவது பொருந்தாது. காட்சியின் கொடூரம் வாதத்தின் ஓட்டையை மறைத்துவிடுகிறது.

விதிப்புத்தகம் வேறு கதை சொல்கிறது. 1977 பருவத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக எடுத்தது 17.2 புள்ளிகள், 1942க்குப் பிறகு இவ்வளவு குறைந்ததில்லை. மறு ஆண்டே தொழில்முறை லீகான என்எஃப்எல் இரு திருத்தங்களைச் செய்தது. பந்தைப் பிடிக்க ஓடுபவரை ஐந்து கஜத்துக்கு அப்பால் இடித்துத் தடுக்கக் கூடாது என்றது ஒன்று. எறிதலின்போது தடுப்பு வீரர்கள் கையை நீட்டி, உள்ளங்கையை விரித்துத் தடுக்கலாம் என்றது மற்றொன்று. அதுவரை கைகளை மார்போடு ஒடுக்கித் தோளாலும் முன்கையாலும் முட்டி நின்றவர்களுக்கு, எதிராளியைக் கை தூரத்திலேயே நிறுத்தும் உரிமை கிடைத்தது. நீண்ட கையும் இலகுவான காலும் கொண்ட பேருடலுக்கு அன்றே தனி மதிப்பு பிறந்துவிட்டது. டெய்லர் அப்போது இன்னும் கல்லூரி மாணவர்.

கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில், 1980இல் சின்சினாட்டி பெங்கால்ஸ் லெஃப்ட் டேக்கிள் அந்தோனி முன்யோஸை மூன்றாவது தேர்வாக எடுத்தது. முழங்கால் காயங்களால் கல்லூரியின் கடைசிப் பருவத்தை ஏறக்குறைய முழுதாக இழந்திருந்தவருக்கு இவ்வளவு உயர்ந்த இடம்! பன்னிரண்டு ஆண்டுகள் முன்பு, 1968இல், முதல் தேர்வாகவே எடுக்கப்பட்ட ரான் யாரியை மினசோட்டா வைக்கிங்ஸ் வலது ஓரத்தில்தான் நிறுத்தியது. முன்யோஸ் தனித்திறனுக்காக எடுக்கப்பட்டவர், ஒரு மரத்தைக் காட்டித் தோப்பு என்கிறாயே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனாலும் டெய்லருக்கு ஓராண்டு முன்பே ஓர் அணி இந்த விலையைக் கொடுக்கத் துணிந்ததை லூயிஸின் கால வரிசையால் விளக்க முடியாது.

எனக்கே இடறலான சான்று ஒன்றும் உண்டு. எழுபதுகளின் ஓக்லாந்து ரெய்டர்ஸ் அணியில் ஆர்ட் ஷெல், ஜீன் அப்ஷா என்ற இரு பெரும் வீரர்களும் இடப்பக்கத்திலேயே நின்றார்கள். அவர்களுடைய குவார்ட்டர்பேக் கென் ஸ்டேப்லரோ இடக்கைக்காரர். அவருக்குக் கண்மறைவான பக்கம் வலது. ஆக, சிறந்தவரை இடப்பக்கம் நிறுத்தும் பழக்கத்துக்குக் கண்மறைவு மட்டுமே காரணமில்லை. இது லூயிஸை மறுக்கிறது. 1978க்கு நான் தரும் முதன்மையையும் ஓரளவு தளர்த்துகிறது.

மதிப்பு எந்த ஆண்டில் ஊதியமாக மாறியது என்பதையும் துல்லியமாகக் குறிக்க இயலாது. வீரர்கள் தடையின்றி அணி மாறும் உரிமை 1993இல்தான் வந்தது; அதற்கு முந்தைய சம்பளங்கள் சந்தை விலையைக் காட்டுபவை அல்ல. அந்த ஆண்டே இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ், தன் தாக்குதல் பிரிவு முழுவதிலும் அதிக ஊதியம் பெறுபவர் எப்போதும் அவராகவே இருப்பார் என்ற நிபந்தனையோடு லெஃப்ட் டேக்கிள் வில் வுல்ஃபோர்டை ஒப்பந்தம் செய்தது. லூயிஸும் இதைப் பேசுகிறார். அவருக்கு அது டெய்லர் விளைவித்த மாற்றத்தின் முத்திரை. 1978இலேயே உருவாகி, பதினைந்து ஆண்டுகள் வெளியே தெரிய வழியில்லாமல் கிடந்த விலை அது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.