சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக டான்ஸ் அணியின் 1951 பருவம்

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணி, 'டான்ஸ்' என்ற பெயரில் 1951இல் ஆடிய பருவம் இது. ஜோ குஹாரிச் பயிற்சியளித்த அணி ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் வென்றது. ஆனாலும் ஆண்டிறுதியின் 'பவுல்' ஆட்டம் எதிலும் அதற்கு இடம் கிடைக்கவில்லை. அணியில் ஆலி மேட்சன், பர்ல் டோலர் என்ற இரு கறுப்பின வீரர்கள் இருந்ததே அதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. தோல்வியில்லை, சமனில்லை, அழைப்பும் இல்லை என்று அமெரிக்க விளையாட்டு உலகம் இந்த அணியை நினைவுகூர்கிறது.

பின்னணி

அமெரிக்கக் கால்பந்து, நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டத்திலிருந்து வேறுபட்டது. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்ப்பதே ('டச்டவுன்') இதன் நோக்கம். அன்று கல்லூரி அணிகளின் பருவம் செப்டம்பரில் தொடங்கி நவம்பர் இறுதியில் முடிந்தது. அதன்பின் சிறந்த அணிகளைப் புத்தாண்டை ஒட்டிய 'பவுல்' ஆட்டங்களுக்கு அழைத்தார்கள். அழைப்பது யாரை என்பதை அந்தந்த ஊர் ஏற்பாட்டுக் குழு முடிவுசெய்தது. அழைக்கப்பட்ட அணிக்குப் பெருமையோடு பெருந்தொகையும் கிடைத்தது.

மயாமியின் ஆரஞ்சு பவுல், நியூ ஆர்லியன்ஸின் சுகர் பவுல், ஜாக்சன்வில்லின் கேட்டர் பவுல் மூன்றும் நிறப்பாகுபாடு சட்டமாகவே இருந்த தென்மாநிலங்களில் நடந்தவை. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே களத்தில் ஆடுவதை அங்கே பலர் ஏற்கவில்லை. கறுப்பின வீரரை விட்டுவிட்டு வரும்படி வட மாநில அணிகளிடம் கேட்பதும், பல அணிகள் அதற்கு இணங்குவதும் வழக்கமாக இருந்தன. 1951 அக்டோபரில் ஓக்லஹோமாவின் ஸ்டில்வாட்டரில் நடந்த ஆட்டத்தில் டிரேக் பல்கலைக்கழகத்தின் கறுப்பின வீரர் ஜானி பிரைட், பந்து தன் கையில் இல்லாதபோதே தாக்கப்பட்டுத் தாடை உடைந்தார். அதைப் பதிவுசெய்த படங்களுக்கு மறு ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. டான்ஸ் வென்றுகொண்டிருந்தது அந்தச் சூழலில்தான்.

அணி உருவான விதம்

சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் இயேசு சபையினர் நடத்தும் சிறிய கத்தோலிக்க நிறுவனம். அதற்குச் சொந்த ஸ்டேடியம் கிடையாது. கோல்டன் கேட் பூங்காவின் ஓரத்திலிருந்த நகராட்சியின் கீசர் ஸ்டேடியத்தில்தான் உள்ளூர் ஆட்டங்கள் நடந்தன. 1948இல் பொறுப்பேற்ற குஹாரிச், கடுமையான உடற்பயிற்சியில் நம்பிக்கை வைத்தவர்.

மேட்சனும் டோலரும் 1948இல் சான் பிரான்சிஸ்கோ சிட்டி கல்லூரியின் தோல்வியறியாத அணியில் ஒன்றாக ஆடிவிட்டு இங்கு வந்தவர்கள். ஜீனோ மார்க்கெட்டி இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பியக் களத்தில் போரிட்டுத் திரும்பியவர். ஆறடி ஒன்பது அங்குல உயரமுள்ள பாப் செயின்ட் கிளேர் உள்ளூர்ப் பையன். பந்தை எறியும் குவார்ட்டர்பேக் இடத்தில் எட் பிரவுன் ஆடினார். அணியின் செய்திகளைப் பத்திரிகைகளுக்குக் கொண்டு சேர்த்தவர், அதே பல்கலைக்கழகத்தில் படித்த பீட் ரோசெல் என்ற இளைஞர். 1950இல் ஏழு வெற்றி, நான்கு தோல்வி என்றிருந்த அணி மறு ஆண்டில் முழுமை பெற்றது.

1951 ஆட்டங்கள்

சான் ஹோசே ஸ்டேட் அணியை 39–2 என வீழ்த்தித் தொடங்கிய டான்ஸ், அதே அணியை மீண்டும் சந்தித்து 42–7 என வென்றது. இடைப்பட்ட காலத்தில் ஐடஹோ அணியும் கேம்ப் பெண்டில்டன் படைமுகாம் அணியும் தோற்றன.

பருவத்தின் கடினமான சோதனை நியூயார்க்கில் ஃபோர்டாம் அணிக்கெதிராக வந்தது. கிழக்குக் கடற்கரைப் பத்திரிகைகள் டான்ஸை நேரில் பார்க்கக் கிடைத்த வாய்ப்பும் அதுவே. எதிரணி உதைத்தனுப்பிய பந்தை மேட்சன் ஏந்திக்கொண்டு மைதானத்தின் ஏறக்குறைய முழு நீளத்துக்கும் ஓடி டச்டவுன் எடுத்தார். ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை இப்படி நடந்தது. டான்ஸ் 32–26 என வென்றது. ஒன்பது ஆட்டங்களில் ஆறு புள்ளி வித்தியாசத்தில் முடிந்தது இது ஒன்றுதான்.

நவம்பரில் ஸ்டாக்டனில் காலேஜ் ஆஃப் பசிபிக் அணியை 47–14 என வென்றபோது, பவுல் அழைப்பு உறுதி என்றே வீரர்கள் நம்பினார்கள். கடைசி ஆட்டத்தில் லயோலா அணி 20–2 என வீழ்ந்தது. அது நடந்த இடம் பாசடினாவின் ரோஸ் பவுல் ஸ்டேடியம். புத்தாண்டு ரோஸ் பவுல் ஆட்டமோ வேறு இரு லீக்குகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்ததால், எந்த லீக்கிலும் சேராத டான்ஸுக்கு அந்த வழி அடைபட்டிருந்தது.

மேட்சன் அந்தப் பருவத்தில் 1,566 கெஜம் ஓடி நாட்டிலேயே முதலிடம் பிடித்தார். அசோசியேட்டட் பிரஸ் இறுதித் தரவரிசையில் அணிக்கு 14ஆம் இடம் கிடைத்தது.

கிடைக்காத அழைப்பு

டான்ஸ் சந்தித்த அணிகள் வலுவற்றவை என்பது தரப்பட்ட காரணங்களில் ஒன்று. தென்மாநில பவுல் குழுக்கள் கறுப்பின வீரர்கள் உள்ள அணியைத் தவிர்த்தன என்ற செய்தியும் அப்போதே வெளிவந்தது. மேட்சனையும் டோலரையும் விட்டுவிட்டு வந்தால் இடம் உண்டு என்று தங்களுக்குச் சொல்லப்பட்டதாகவும், அணி ஒருமனதாக மறுத்ததாகவும் வீரர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள். வாக்கெடுப்பு நடத்த வேண்டிய தேவையே எழவில்லை என்பது அவர்கள் தரும் சித்திரம்.

அணியின் முடிவு

பவுல் வருமானம் இல்லாத நிலையில், கடனில் தள்ளாடிய கால்பந்துத் திட்டத்தைப் பல்கலைக்கழகம் அந்தப் பருவத்தோடு நிறுத்தியது. கீசர் ஸ்டேடியத்தில் 1946 முதல் தொழில்முறை அணியான ஃபார்ட்டி நைனர்ஸ் ஆடியதால் பார்வையாளர்கள் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தார்கள். கால்பந்தை நிறுத்தும் நிலை டான்ஸுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அது அந்த ஆண்டு வென்ற கத்தோலிக்கக் கல்லூரிகளில் லயோலா 1951இலும், சான்டா கிளாரா 1952இலும், ஃபோர்டாம் 1954இலும் உயர்மட்டக் கால்பந்தைக் கைவிட்டன. குஹாரிச் தொழில்முறை அணியான சிகாகோ கார்டினல்ஸின் பயிற்சியாளரானார்.

வீரர்களின் பிற்காலம்

மேட்சன் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் வெண்கலமும் தொடர் ஓட்டத்தில் வெள்ளியும் வென்றுவிட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார். 1959இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி ஒன்பது பேரை ஈடாகக் கொடுத்து அவரை வாங்கியது. அந்த ஒப்பந்தத்தை முடித்த மேலாளர் பழைய நண்பர் ரோசெல்தான். ரோசெல் 1960 முதல் 1989 வரை தேசியக் கால்பந்து லீக்கின் ஆணையராக இருந்தார். மேட்சன், மார்க்கெட்டி, செயின்ட் கிளேர், ரோசெல் நால்வரும் தொழில்முறைக் கால்பந்துப் புகழ்மன்றத்தில் இடம்பெற்றனர். செயின்ட் கிளேர் டேலி சிட்டியின் மேயராகவும் இருந்தார்.

டோலரின் பாதை வேறு. 1952 கோடையில் கல்லூரி நட்சத்திர அணிக்காக ஆடியபோது முழங்கால் சிதைந்து அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்தது. ஆசிரியரான அவர் சான் பிரான்சிஸ்கோவில் பள்ளித் தலைமையாசிரியராகவும் உயர்ந்தார். 1965இல் தேசியக் கால்பந்து லீக்கின் முதல் கறுப்பின நடுவராகி 25 பருவங்கள் பணியாற்றினார். அந்த லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலிலும் 1980இல் நடுவர் குழுவில் இருந்தார். 2009இல் காலமானார்.

பிற்கால அங்கீகாரம்

2006இல் பல்கலைக்கழகம் அந்த அணியினருக்குக் கௌரவ முனைவர் பட்டம் வழங்கியது. 2008இல் அரிசோனாவின் ஃபியஸ்டா பவுல் ஆட்டத்தில் எஞ்சியிருந்த வீரர்கள் கௌரவிக்கப்பட்டனர். பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதி ஒன்று ஜேம்ஸ் ஃபீலன் பெயரில் இருந்தது. ஆசியர் குடியேற்றத்தை எதிர்த்து, கலிபோர்னியா வெள்ளையருக்கே என்று பிரசாரம் செய்த செனட்டர் அவர். மாணவர்களின் கோரிக்கையை அடுத்து 2017இல் அந்தப் பெயர் நீக்கப்பட்டது. இன்று அந்த விடுதி பர்ல் டோலரின் பெயரைத் தாங்கியிருக்கிறது.