மலர் உதிர்ந்த பிறகு

நாவல்களின் மறக்க முடியாத கடைசி வரிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மவர்கள் உடனே சீமைப் புத்தகங்களைத் தேடிப் போகிறார்கள். நம் வீட்டு அலமாரியிலேயே ஓர் அபூர்வமான முடிவு இருக்கிறது. அதைப் படித்தவர்கள் ஏராளம்; முடிவு என்று ஒப்புக்கொண்டவர்கள்தாம் கொஞ்சம்.

'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் 'கல்கி' பத்திரிகையில் தொடங்கி 1954 மே மாதம் முடிந்தது. கடைசி அத்தியாயத்தின் பெயர் 'மலர் உதிர்ந்தது'. வந்தியத்தேவன் அருகிருக்க, மணிமேகலை உயிர் துறக்கிறாள். அத்துடன் சரி. அருள்மொழிவர்மர் பட்டம் சூடவில்லை. குந்தவைக்குக் கல்யாணம் ஆகவில்லை. மூன்றரை வருஷம் காத்திருந்த நேயர்கள் சும்மா விடுவார்களா? பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். கல்கி ஒரு முடிவுரை எழுதி, இன்னார் இன்னாரை மணந்தார் என்று பொறுமையாகப் பதில் சொன்னார். தொடர்கதை எழுதியவன் என்ற முறையில் அந்தப் பொறுமையின் விலை எனக்குத் தெரியும்.

ஆனால் மணிமேகலையை விட்டால் வேறு யாரைக் கொண்டு அந்தக் கதையை முடிப்பது? குந்தவையை வந்தியத்தேவரின் தேவி என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே சொல்லிவிட்டது. உத்தம சோழருக்குப் பிறகு 985-இல் ராஜராஜர் அரியணை ஏறியதும் தெரிந்த விஷயம். அவர்கள் தலையெழுத்தில் ஆசிரியர் கை வைக்க முடியாது. மணிமேகலையோ அவருடைய கற்பனைப் பெண். அவளுக்குத்தான் கதையோடு சாகும் சுதந்திரம் இருந்தது. 'சிவகாமியின் சபத'த்திலும் இதே கதைதான். மாமல்லர் சரித்திர புருஷர். அவருக்கு ராஜ்யம் காத்திருக்கிறது. கற்பனையில் பிறந்த சிவகாமிதான் ஏகாம்பரநாதர் சந்நிதியில் முடிவைச் சுமக்கிறாள்.

டிக்கன்ஸ் 1861-இல் ஒரு நாவலில் காதலர்களைப் பிரித்து முடித்திருந்தார். நண்பர் புல்வர் லிட்டன் சொல்லவே அந்த முடிவையே மாற்றிவிட்டார். கல்கி அப்படிச் செய்யவில்லை. வாசகர் கேட்டதையெல்லாம் வாசலுக்கு வெளியே திண்ணையில் வைத்துக் கொடுத்தார். உள்ளே மணிமேகலையை யாரும் எழுப்பவில்லை.

ஜவ்வாது மலையின் வடக்கு அடிவாரத்தில், வேலூரிலிருந்து எளிதில் போய்வரக்கூடிய அமிர்திக்கு ஒரு முறை போயிருந்தபோது இதைப் பற்றி நெடுநேரம் யோசித்தேன். வந்தியத்தேவனைக் கல்கி வாணர் குலத்துப் பிள்ளையாக்கினார் அல்லவா? வாணர்களின் பழைய தலைநகரான திருவல்லம் வேலூருக்குப் பக்கத்தில்தான். மலையின் தென்புறத்தில் செங்கம் வட்டாரம். அங்கே பல்லவர் காலத்து நடுகற்கள் நிறைய. சிலவற்றில் வாணகோவரையர் பெயரும் உண்டு. மன்னன் பெயர், ஆட்சியாண்டு, ஆநிரை மீட்கப் போன வீரனின் பெயர், பிறகு 'பட்டான்' என்ற ஒரு சொல். அவன் பெண்டாட்டி என்ன ஆனாள், பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று கல் சொல்வதில்லை. ஊராரும் கல்லுக்கு முடிவுரை கேட்கவில்லை. பூ வைத்துக் கும்பிட்டார்கள்.

'பொன்னியின் செல்வன்' முடிந்து ஏழு மாதம் ஆகவில்லை. 1954 டிசம்பர் 5-ஆம் தேதி கல்கி காலமானார். அப்போது 'அமரதாரா' பாதியில் நின்றிருந்தது. அதன் கடைசி வரியை அவருடைய மகள் ஆனந்தி எழுத நேர்ந்தது.