கார்னெட் மோதிரம்

கார்னெட் என்பது தனி ஒரு கல்லின் பெயர் அன்று. ஒரே வகைப் படிக அமைப்பும் வெவ்வேறு வேதிச் சேர்க்கையும் கொண்ட சிலிக்கேட் கனிமங்களின் குடும்பப் பெயர் அது. நகைக்கடையில் கார்னெட் மோதிரம் கேட்டால் பெரும்பாலும் கருஞ்சிவப்புக் கல் பதித்ததைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் தமிழ் வீடுகள் பலவற்றில் வேறொரு பெயரில் ஒரு கார்னெட் ஏற்கெனவே இருக்கிறது. நவமணிகளுள் ஒன்றான கோமேதகம், கிராசுலர் என்னும் கார்னெட் வகையின் தேன் நிறக் கல்லே. ராகுவுக்கு உரியது என்று சோதிடர் சொல்லி, வெள்ளியிலோ ஐம்பொன்னிலோ கட்டி, நடுவிரலில் அணிந்திருப்பவர்களில் பலருக்கு இந்த உறவு தெரியாது.

கார்னெட்டை அணிவதற்கு ஆகக் கடினமான இடம் மோதிரம். காதிலும் கழுத்திலும் இரண்டு தலைமுறை பளபளப்புக் குறையாமல் இருக்கும் அதே கல், விரலில் ஏறினால் சில ஆண்டுகளிலேயே மங்கிப்போகலாம். ஆகவே மோதிரத்துக்குக் கார்னெட் வாங்குகிறவர் கல்லுக்குக் கொடுக்கும் கவனத்தைக் கட்டடத்துக்கும், அதாவது கல்லை உலோகத்தில் பதித்துக் கட்டும் முறைக்கும், கொடுக்க வேண்டும். கடைகளில் கல்லைப் பற்றித்தான் பேச்சு நடக்கிறது. கட்டடத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

குடும்பமும் ஊர்களும்

கார்னெட்டில் முக்கியமானவை ஆறு வகை: பைரோப், அல்மண்டைன், ஸ்பெசார்டைன், கிராசுலர், ஆண்ட்ரடைட், உவரோவைட். இயற்கையில் இவை பெரும்பாலும் ஒன்றோடொன்று கலந்தே கிடைக்கின்றன. மக்னீசியமும் அலுமினியமும் சேர்ந்தது பைரோப். மக்னீசியத்தின் இடத்தை இரும்பு பிடித்தால் அல்மண்டைன், மாங்கனீசு பிடித்தால் ஆரஞ்சு நிற ஸ்பெசார்டைன். பைரோப்பும் அல்மண்டைனும் கலந்த ஊதாச் சிவப்புக் கல்லுக்கு ரோடோலைட் என்று வணிகப் பெயர். சிவப்புக் கார்னெட் வேண்டும் என்பவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து. விலை பெரிதாக ஏறுவதில்லை, அல்மண்டைனைப் போல் இருண்டும் போவதில்லை.

கார்னெட் சிவப்பாகத்தான் இருக்கும் என்பது பழைய எண்ணம். கிராசுலரில் பச்சையும் உண்டு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நிலவியலாளர் கேம்பல் பிரிட்ஜஸ் 1967இல் தான்சானியாவில் கண்டெடுத்து, பின்னர் கென்யாவிலும் கண்ட பச்சைக் கல்லுக்கு, 1974இல் டிஃப்பனி நிறுவனம் சாவோ தேசியப் பூங்காவின் பெயரை ஒட்டி சாவோரைட் என்று பெயரிட்டது. ரஷ்யாவின் யூரல் மலைப்பகுதியில் கிடைக்கும் டிமண்டாய்டு, ஆண்ட்ரடைட் வகை. வைரத்தைவிட அதிகமாக ஒளியை நிறம் பிரித்துக் காட்டும். இரண்டும் விலை மிகுந்தவை. மடகாஸ்கரின் பெக்கிலி பகுதியில் 1990களின் பிற்பகுதியில் நிறம் மாறும் கார்னெட் கிடைத்தது: பகலில் நீலப்பச்சை, குண்டு பல்பின் வெளிச்சத்தில் ஊதாச் சிவப்பு. கார்னெட்டில் நீலமே கிடையாது என்று அதுவரை எழுதிவந்த பாடநூல்களைத் திருத்த வேண்டியதாயிற்று.

சிவப்புக் கார்னெட்டுக்கு இந்தியா மிகப் பழைய ஊற்று. ராஜஸ்தானின் டோங்க், அஜ்மீர் வட்டாரங்களில் எடுத்த கல் ஜெய்ப்பூரில் பட்டை தீட்டப்பட்டு உலகெங்கும் சென்றது, இன்றும் செல்கிறது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் கிடைத்த மணிகளில் கார்னெட்டும் உண்டு. கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டுகளில் மேற்கு ஐரோப்பிய மன்னர்களின் வாள்பிடிகளிலும் கொளுவிகளிலும் பதித்த மெல்லிய சிவப்புத் தகடுகளில் பல, இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்து போனவை என்று வேதி ஆய்வுகள் காட்டுகின்றன. இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதியான போஹீமியா, பைரோப்புக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள கற்கள் பெரும்பாலும் சிறியவை என்பதால் நெருக்கமாகக் கொத்துக் கொத்தாய்ப் பதிப்பது அந்நாட்டு நகைகளின் பாணியாகிவிட்டது.

கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி கடற்கரைகளில் செந்நிறமாகத் திட்டுத்திட்டாய்க் கிடக்கும் மணலும் கார்னெட்தான். அது மோதிரத்துக்கு ஆகாத பொடி. உப்புத்தாளுக்கும், நீரைப் பீய்ச்சி உலோகம் வெட்டும் எந்திரங்களுக்கும் போவது.

கோமேதகம்

கோமேதகம் இலங்கையில் இல்லம் எனப்படும் மணிக்கல் படிவுகளிலிருந்து எடுக்கப்படுகிறது. இரத்தினபுரி மணிக்கற்களுக்குப் பேர்போன ஊர். ஒடிசாவிலும், தான்சானியா முதலிய ஆப்பிரிக்க நாடுகளிலும் கிடைக்கிறது. வெளிர் தேன் நிறத்திலிருந்து செம்பழுப்பு வரை நிறம் ஓடும். பசுவின் கோமியத்தின் நிறம் என்று பழைய மணி நூல் வழக்கு சொல்லும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வழியே இலங்கைக் கோமேதகத்தைப் பார்த்தால், உள்ளே வெல்லப்பாகைத் தண்ணீரில் விட்டுக் கலக்கியதுபோல் சுருள் சுருளாக ஒரு கலங்கல் தெரியும். இடையிடையே நிறமற்ற சிறு படிகங்களும் இருக்கும். இதைத் தோஷம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. உண்மையில் அது கல்லின் பிறப்புச் சான்று. பரிசோதகர்கள் முதலில் தேடுவதே அதைத்தான். கலங்கலைக் கண்டு பயந்து, துளியும் குறையில்லாத கல்லாகக் கேட்டு, கடைசியில் தேன் நிறக் கண்ணாடியை வாங்கிச் செல்வது இந்த வணிகத்தில் சாதாரணமாக நடப்பது. கண்ணாடிக்குள் உருண்டையான காற்றுக் குமிழிகள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். ஆப்பிரிக்கக் கோமேதகங்களில் கலங்கல் குறைந்தவை உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தெளிவாக இருப்பதே போலி என்று ஆகிவிடாது. தெளிவாகவும் பெரிதாகவும் இருந்து விலையும் மலிவாக இருந்தால் பரிசோதிக்கக் கொடுப்பது நல்லது.

ஆரஞ்சு நிற ஜிர்கானும் கோமேதகம் என்ற பெயரில் விற்கப்படுகிறது. அதுவும் இயற்கைக் கல்தான், ஆனால் வேறு கனிமம். லென்ஸில் அதன் பின்புறப் பட்டைகளின் விளிம்புகள் இரட்டையாகத் தெரியும். கோமேதகத்தில் ஒற்றையாகத் தெரியும்.

எடையில் ஒரு சிக்கல் உண்டு. சோதிடர்கள் ரத்தியில் சொல்வார்கள். மணிக்கல் கடைகளில் ஒரு ரத்தி ஏறக்குறைய 0.91 கேரட், பழைய பொன் நிறுவை ரத்தியோ 0.6 கேரட்டை ஒட்டியது. ஏழு ரத்தி என்பது ஓரிடத்தில் 6.37 கேரட், இன்னோரிடத்தில் ஏறக்குறைய 4.2 கேரட். பில்லில் கேரட்டிலேயே எழுதச் சொல்வது வம்பில்லாதது. ஒரு கேரட் 0.2 கிராம்.

தேர்ந்தெடுத்தல்

சிவப்புக் கார்னெட்டில் பெரிய கல் வாங்கித் தவறிப்போகிறவர்கள் அதிகம். இரும்புச் சத்து மிகுந்த அல்மண்டைன், அளவு கூடக் கூட உள்ளே வந்த ஒளியை விழுங்கிக்கொண்டு கறுத்துப்போகும். கடை விளக்குகள் சிவப்பைத் தூக்கிக் காட்டுபவை. அங்கே தீக்கங்காகத் தெரிந்த கல் வாசலுக்கு வந்ததும் கரித்துண்டாகிவிடும். எனவே கல்லைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். விரலில் வைத்து நிழலிலும் பாருங்கள். இரண்டு இடத்திலும் சிவப்பாகத் தெரிந்தால் எடுக்கலாம். பெரிய இருண்ட கல்லைவிடச் சிறிய ஒளிக்கல் எப்போதும் மேல்.

அடுத்து வெட்டு. கல்லை நேராகப் பார்க்கும்போது அதன் நடுவில் விரலின் தோல் அப்படியே தெரிந்தால், அடிப்பக்கம் தட்டையாக வெட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். ஒளி திரும்பி வராமல் கீழே ஒழுகிவிடும். மாறாக, எடை கூட்டுவதற்காக அடிவயிறு பெருத்த கற்களும் சந்தையில் நிறைய உண்டு. அந்தக் கூடுதல் எடைக்குக் காசு கொடுப்போம், மேலிருந்து பார்க்க அது கண்ணுக்கே தெரியாது.

இப்போது கட்டடம். மோஸ் அளவுகோலில் கார்னெட்டின் கடினத்தன்மை 6.5 முதல் 7.5 வரை, மாணிக்கமும் நீலமும் 9. நாம் அன்றாடம் தொடும் தூசியில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் 7. அதாவது மேசையைத் துடைக்கும் கையே கல்லை மெல்ல மெல்லத் தேய்க்கிறது. டிமண்டாய்டு இன்னும் மென்மையானது, தினமும் போடும் மோதிரத்துக்கு உகந்ததன்று. கார்னெட்டுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு: குறிப்பிட்ட தளத்தில் பிளந்துபோகும் இயல்பு இல்லாததால், ஒரே அடியில் எளிதில் இரண்டாகாது. விளிம்பு சிதறும், பட்டைகளின் முனை மழுங்கும். இதற்கெல்லாம் மருந்து, கல்லைச் சுற்றி முழு விளிம்பு எழுப்பிக் கட்டுவது. நான்கு கொக்கியில் உயரத் தூக்கி நிறுத்திய கல் படத்துக்கு அழகாக இருக்கும். சமையலறையில் பாத்திர விளிம்பிலும் வாகனத்தின் கைப்பிடியிலும் இடித்துக்கொண்டே இருக்கும்.

கல் தோலைத் தொட வேண்டும் என்று கோமேதக மோதிரத்தின் அடியைத் திறந்துவிடுவது நம் வழக்கம். ஒளிக்கும் அது நல்லதே. ஆனால் அந்தத் திறப்பின் வழியாகத்தான் சோப்பும் வியர்வையும் எண்ணெயும் கல்லின் அடியில் போய்ப் படிகின்றன. கல் இறந்துவிட்டது, சக்தி போய்விட்டது என்று சொல்லிக் கொண்டுவரும் மோதிரங்களில் பல, அடியில் அழுக்கேறியவை மட்டுமே.

தங்க மோதிரத்தில் இருக்கும் பிஐஎஸ் ஹால்மார்க்கும் ஆறு எழுத்தெண்கள் கொண்ட எச்யூஐடி குறியும் தங்கத்தின் தூய்மைக்கான உறுதி. கல்லைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. பில்லில் தங்கத்தின் நிகர எடை தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கல்லையும் தங்க விலைக்கு வாங்கியதாக ஆகிவிடக்கூடும்.

போலியும் பரிசோதனையும்

மாணிக்கத்தையும் நீலத்தையும் சூளையில் சுட்டு நிறம் ஏற்றுவது பரவலான வழக்கம். டிமண்டாய்டு போன்ற ஓரிரண்டு தவிர, கார்னெட்டைப் பொதுவாக யாரும் சுடுவதில்லை. மண்ணில் இருந்த நிறத்திலேயே விரலுக்கு வருவது அதன் பெருமை. செயற்கை முறையில் வளர்க்கும் ‘யாக்’ என்னும் படிகம் கார்னெட்டின் பெயரைத் தாங்கினாலும் அதில் சிலிக்கா இல்லை. ஒரு காலத்தில் வைரத்துக்குப் போலியாகப் போனது, இன்று லேசர் கருவிகளில் இருக்கிறது.

சிவப்புக் கார்னெட்டுக்கு முதல் போலி கண்ணாடி. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஐரோப்பாவில் மேலே மெல்லிய கார்னெட்டும் கீழே நிறக் கண்ணாடியும் ஒட்டிய இரட்டைக் கல் ஏராளமாகச் செய்யப்பட்டது. பழைய நகைகளில் இன்றும் அகப்படும். பெயரிலும் ஏமாற்று உண்டு. கேப் ரூபி, அரிசோனா ரூபி, போஹீமிய ரூபி என்பவை மூன்றும் மாணிக்கமல்ல, பைரோப் கார்னெட். அரிசோனாவில் எறும்புகள் புற்றுத் தோண்டும்போது மேலே தள்ளிவிடும் சிறு கார்னெட்டுகளைப் பொறுக்கி விற்கிறார்கள் என்பது மட்டும் கலப்படமில்லாத உண்மை.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. கட்டாத சிவப்புக் கல்லைத் தண்ணீரில் மிதக்கும் தக்கைமேல் வைத்து, நியோடைமியம் காந்தத்தை அருகே கொண்டுசெல்லுங்கள். இரும்பு மிகுந்த அல்மண்டைன் தக்கையோடு நகர்ந்து வரும். மாணிக்கம் வராது, சாதாரணக் கண்ணாடியும் வராது. கோமேதகத்தில் இரும்பு குறைவு, ஆகவே இதை அதற்குத் தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம். விலை உயர்ந்த கல்லானால் ஆய்வகச் சான்றே கேட்க வேண்டும். மலிவான அல்மண்டைனுக்குச் சான்றிதழ்ச் செலவு கல்லின் விலையைத் தாண்டிவிடும், அது தேவையில்லை.

பராமரிப்பு

வெதுவெதுப்பான நீர், சில சொட்டு மென்மையான சோப்புக் கரைசல், பழைய மிருதுவான பல்துலக்கி: இவ்வளவு போதும். பூந்திக்கொட்டை நீரும் ஆகும். துலக்கியால் கல்லின் அடிப்பக்கத்தைத் தேய்ப்பதுதான் முக்கியம். அலசி, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். காய்ந்த தூசியைத் துணியால் அழுத்தித் துடைக்காதீர்கள். பற்பசை, சாம்பல் இரண்டும் உராய்பொருள். தங்கத்தின் மெருகைக் கெடுக்கும். பிளீச்சிங் பவுடர் கலந்த நீரில் மோதிரத்தோடு கைவைப்பது உலோகத்துக்கு ஆகாது. கடையில் மீயொலிக் கருவியில் போடுவார்கள். விரிசல் இல்லாத கல் அதைத் தாங்கும். நீராவி பீய்ச்சுவதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டாம், சட்டென ஏறும் சூட்டில் கார்னெட் விரிசல் விடலாம்.

நவரத்தின மோதிரத்துக்குச் சட்டம் வேறு. அதில் கோமேதகத்தின் பக்கத்திலேயே முத்தும் பவளமும் இருக்கின்றன. இரண்டும் மிக மென்மையானவை, அமிலமும் கடுமையான சோப்பும் பட்டால் கெடுபவை. ஈரத் துணியால் துடைத்து உலர்த்துவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒரு மோதிரத்தின் பராமரிப்பை அதிலுள்ள மிக மென்மையான கல்லே தீர்மானிக்கிறது.

கார்னெட் மோதிரத்தை வைர நகையோடு ஒரே டப்பாவில் போட்டு வைக்கக் கூடாது. தனித்தனித் துணிப்பையில் வைக்கலாம். மேற்பட்டை மங்கிவிட்டால் கல்லைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பட்டை தீட்டுபவரிடம் கொடுத்து மறுமெருகு போடலாம், எடை மிகச் சிறிதே குறையும். ஆண்டுக்கு ஒரு முறை விளிம்போ கொக்கியோ தளர்ந்திருக்கிறதா என்று பத்தரிடம் காட்டுங்கள். காதருகே வைத்து மோதிரத்தை ஆட்டும்போது கல் கடகடவென்றால் அன்றே காட்டுங்கள். மோதிரத்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ கொடுக்கும்போது, கல்லைக் கழற்றிய பிறகே ஊதுசுடரைப் பிடிக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வாருங்கள்.