குருகு தலைவனாகுமா? நச்சினார்க்கினியரின் இறைச்சி விளக்கம் குறித்து

இறைச்சி என்பது சொல்லவேண்டிய பொருளுக்குப் புறத்தே புலப்பட்டு, அப்பொருளுக்கே உதவுவது என்று நச்சினார்க்கினியர் கொண்டார். அகப்பாட்டில் பறவையும் விலங்கும் உணர்ச்சியைத் தாங்கும் விதம் பற்றி இன்று எழுதுவோரில் பெரும்பாலோர், அறிந்தோ அறியாமலோ, இந்தக் கருத்திலிருந்தே தொடங்குகிறார்கள். புறத்தே புலப்படும் என்பதில் எனக்கு உடன்பாடு. உதவும் என்பதில்தான் பிணக்கு. உதவவேண்டும் என்றானபின் ஒவ்வொரு கருப்பொருளுக்கும் ஒரு வேலை தேடத் தோன்றும்; அவருடைய கலித்தொகை உரை அப்படித்தான் பல இடங்களில் பொருத்திப் பொருத்திச் செல்கிறது.

அந்தப் பொருத்தம் மருதத்தில் பிழையில்லாமல் அமைகிறது. குறுந்தொகை 8-இல் வயலோர மாமரத்திலிருந்து தானே உதிர்ந்த கனியைக் குளத்து வாளைமீன் கவ்வுகிறது, பேசுபவள் பரத்தை. கனி யார், வாளை யார் என்று கேட்டால் உடனே விடை வரும். தெய்வம் ஒழிந்த கருப்பொருளை நிலைக்களனாகக் கொண்ட உள்ளுறை இது. ஆனால் உள்ளுறைக்குரிய இந்த வழக்கம் இறைச்சிக்குள்ளும் நுழைந்தது எப்படி?

தொல்காப்பியப் பொருளியலில் இறைச்சியை வரையறுக்கும் நூற்பாவுக்கு இருவேறு பாடங்கள் உண்டு. ஒன்றில் இறைச்சி உரிப்பொருளுக்குப் புறத்தது. மற்றொன்றில், பொதுவாகப் பொருளுக்குப் புறத்தது. வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். முதல் பாடப்படி இறைச்சி நிற்பது புணர்தல், பிரிதல் போன்ற ஒழுக்கத்துக்கு வெளியே. அந்த ஒழுக்கத்தைப் படமாக வரைந்து காட்டும் கடமை அதற்கு இல்லை. இரண்டாவதில் ‘பொருள்’ எது என்று உரைகாரர் தீர்மானிக்கலாம். தீர்மானித்தபின் இறைச்சியை அதற்கு ஏவலாக்குவது எளிது. எது மூலப்பாடம் என்று துணிய நம்மிடம் போதிய சான்று இல்லை. ஆயினும் அடுத்துவரும் நூற்பாக்கள் முதல் பாடத்தோடு நன்றாக ஒத்துப்போகின்றன. அவற்றுள் ஒன்று, அன்பு தோன்றும் காட்சியை இறைச்சிக்குள் சுட்டுவது வருந்தும் வேளையில் வற்புறுத்தி ஆற்றுவதாகும் என்கிறது.

பாலை பாடிய பெருங்கடுங்கோவின் குறுந்தொகை 37 இதற்குத் தக்க சான்று. பிடியின் பசி தீர்க்க ஆண்யானை யாமரத்தின் பட்டையை உரிக்கிறது. தலைவன் சென்ற வழியில் அதுதான் காட்சி என்று தோழி சொல்கிறாள். இங்கே யானை தலைவன் அன்று. அவன் கண்ணில் படப்போகும் யானை அது. பார்த்தால் திரும்பி வருவான் என்பதுதான் ஆறுதல். யானையைத் தலைவனாக்கிவிட்டால் அதைப் பார்ப்பதற்கு அந்தக் காட்டில் ஆளில்லாமல் போய்விடும்.

கபிலரின் குறுந்தொகை 25-க்கு வருவோம். களவில் கூடியபோது வேறு யாரும் இல்லை என்கிறாள் தலைவி. அவன் மட்டுமே இருந்தான். அவனைக் கள்வன் என்கிறாள். அவன் சொன்னது பொய்த்தால் என்ன செய்வது என்று கலங்குகிறாள். எல்லாம் சொன்னபின்தான் ஒரு குருகும் இருந்தது என்று சேர்க்கிறாள்: தினைத்தண்டு போன்ற மெலிந்த பசிய கால், ஓடும் நீரில் ஆரலுக்காகக் காத்த பார்வை. குருகைத் தலைவனாகவும் ஆரலைத் தலைவியாகவும் கொள்ளும் வாசிப்புக்கு இதில் இடம் இருப்பதாகவே முதலில் தோன்றும். ஆனால் கள்வன் என்ற குற்றச்சாட்டு வெளிப்படையாகவே வந்துவிட்டது. அதையே பறவைக்குள் மறைத்து மறுபடி சொல்ல அவளுக்கு என்ன தேவை? வாக்கியம் போகும் வரிசையைப் பாருங்கள். யாரும் இல்லை என்று முடித்தவள், சாட்சிக்கு ஏங்கித் துழாவி, கடைசியில் குருகைக் கண்டெடுக்கிறாள். அதன் கண்ணோ நீரில் இருந்தது. அச்சம் பிறக்கும் களன்களாக மெய்ப்பாட்டியல் எண்ணும் நான்கில் கள்வரும் உண்டு. இப்பாட்டின் குரலில் கோபத்தைவிட அச்சமே மிகுதி என்று நான் கொள்வதற்கு அதுவும் ஒரு துணை. குருகை உவமையாக்கினால் அந்த அச்சம் வசையாகத் தடித்துவிடும்.

இந்தப் பாட்டை நச்சினார்க்கினியர் எப்படிப் படித்தார் என்பதற்கு நேரடிச் சான்று கிடையாது. குறுந்தொகையில் பேராசிரியர் உரை எழுதாமல் விட்ட 20 பாடல்களுக்கு அவர் எழுதிய உரையும் மறைந்துபோயிற்று. 25-ஆம் பாட்டு அந்த இருபதில் ஒன்றா என்பதும் தெளிவில்லை. எனவே கலித்தொகை உரையின் போக்கை வைத்தே அவரோடு வாதிடுகிறேன். என் வாசிப்புக்கு வலுவான துணை பாட்டின் கூற்றுக் குறிப்பு: தலைவன் மணத்தைத் தள்ளிப்போட்ட வேளையில் தலைவி தோழியிடம் சொன்னது என்கிறது அது. அதன்படி அவன் இன்னும் கைவிட்டவன் ஆகவில்லை. ஆனால் கூற்றுக் குறிப்புகள் பாட்டுக்குப் பிற்பட்டவை. எவ்வளவு பிற்பட்டவை என்பது தீரவில்லை. அவை பொருளியல் நூற்பாக்களை அறிந்தவர்கள் எழுதியவை என்று நிறுவப்பட்டால், நான் துணைக்கு அழைக்கும் இரண்டு சான்றுகளும் ஒன்றாகச் சுருங்கிவிடும்.